சீனி கேட்டு வந்தவள்

எங்கள் சந்தில் ஒரு வீட்டு வாசலில் சீனியக்கா எவர்சில்வர் டம்ளரோடு வந்து நின்றால், அந்த வீட்டுக்குள் ஏதோ ஒரு பிள்ளை அடி வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தாராவியில் எத்தனையோ சந்து இருக்கிறது. இந்த சிக்னல் எங்கள் சந்துக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு அது தெரியவந்தது எட்டாம் வகுப்பில். மராத்தி பேப்பரில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்ல மாட்டேன். அதைவிடக் கேவலம், அம்மாவின் கையெழுத்தை நானே போட்டுக்கொடுத்தது. அம்மா சப்பாத்திக் கட்டையை எடுத்தாள். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது முழங்கையில். மூன்றாவதுக்குக் கட்டை மேலே போனபோது வாசல் திரை விலகியது.

"மதினி, ஒரு டம்ளர் சீனி இருக்கா?"

யோசித்துப் பாருங்கள். கையில் கட்டையை வைத்துக்கொண்டு ஒருத்திக்குச் சீனி கொடுக்க முடியாது. கட்டையைக் கீழே வைக்க வேண்டும். ஸ்டூலில் ஏறி மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டு டப்பாவின் மூடியோ லேசில் கழலாது, ஸ்பூன் வைத்து நெம்ப வேண்டும். இத்தனையும் நடப்பதற்குள் அக்கா உள்ளே வந்து எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்குக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்த கதையை அம்மாவிடம் சொன்னாள். மூடி திறக்கிற நேரத்தில் அம்மாவின் பிரஷர் இறங்கிவிட்டது. கட்டை எங்கே கிடக்கிறது என்பதையே மறந்துபோனாள்.

மறுநாள் சாயங்காலம் அக்கா திரும்ப வந்தாள், அதே டம்ளரில் அதே சீனியோடு. "நேத்து வாங்குனது மதினி" என்று அம்மாவிடம் நீட்டிக்கொண்டே என் முழங்கையை ஒரு பார்வை பார்த்தாள். காலேஜில் சேர்ந்தபிறகு அதற்கு ஃபாலோ-அப் விசிட் என்று பெயர் எனத் தெரிந்தது. அவள் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை.

இதில் பெரிய காமெடி, அவள் வீட்டில் சீனியே கிடையாது. ஊரிலிருந்து வரும் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுத்தான் காப்பி. சந்துக்கே இது தெரியும். தெரிந்தும் கேட்டால் கொடுத்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி டம்ளரோடு வந்தால் இல்லை என்று சொல்லும் குடும்பம் எங்கள் ஜனங்களில் இன்னும் பிறக்கவில்லை. அந்த ஒரு வீக்னெஸ்ஸில்தான் அவள் பிழைப்பே ஓடியது.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டு, என் பேரைப் போட்டு காசு பார்க்கிறாயா என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்குவாள். நான் காலேஜில் படித்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வீட்டுக்காரர் ஏர்போர்ட்டில் லோடர். ஆறு வயதில் ஒரு மகன், கால் தரையில் நிற்காத ஜாதி. அக்கா செய்தது தாகா கட்டிங். தைத்து வரும் ஜீன்ஸ் பேன்ட்டில் அங்கங்கே தொங்கும் நூலையெல்லாம் நறுக்கி அனுப்புகிற வேலை. வாசலில் பேன்ட் மலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள், தலை மட்டும் தெரியும். சாயம் ஏறி விரல் பத்தும் நீலம். கத்தரி கையில் இருக்கும், காது முழுக்கச் சந்தில் இருக்கும். எந்த வீட்டில் குக்கர் எத்தனை விசில் என்பதுவரை சொல்வாள். எங்கள் வீடுகளுக்கு நடுவே இருப்பது சுவர் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். தகரமும் பிளைவுட்டும்தான். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள்.

அடிக்காதீங்க என்று அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. புத்தி சொல்வது, கண்ணைக் கசக்குவது எதுவும் கிடையாது. சீனி, அவ்வளவுதான். கடைசி வீட்டில் ஒரு மனுஷன் இதற்கு ஒரு பந்தோபஸ்து செய்துபார்த்தான். ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டை வாசல் ஆணியில் தொங்கவிட்டு, எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடவும் என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தான். அன்றைக்கு உள்ளே அவன் மகள் அலறினாள். அக்கா பாக்கெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

"இது பொடிச் சீனியால்லா இருக்கு. எங்களுக்குப் பெருஞ்சீனிதான் ஆவும். வேற இல்லயா அண்ணாச்சி?"

அவன் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி பெருஞ்சீனி தேடிய காட்சியைத் திரை இடுக்கில் பார்த்து நாங்கள் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டோம்.

எப்போதும் ஜெயித்தாள் என்று எழுதினால் அது பொய். கிறிஸ்துமஸ் சமயம் சர்ச்சில் சிறுவர் நாடகம் போட்டார்கள். ஆட்டுக்குட்டியைத் தொலைத்த மேய்ப்பனாக எங்கள் எதிர்வீட்டுப் பையன். வீட்டில் அவன் அழுது பழகிக்கொண்டிருக்க, அவன் அம்மா இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்று ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா டம்ளரோடு பாய்ந்து போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள். அந்தம்மா பின்னாலிருந்து எடுத்தது கம்பு இல்லை, துணியில் செய்த ஆட்டுக்குட்டி. மூன்று வாரம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாடகத்தன்று அந்தப் பையன் அழுகிறபோது பெஞ்சில் இருந்த எல்லாரும் அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

சில வீடுகளில் சீனி வேலைக்கு ஆகவில்லை. டம்ளர் மூன்று தடவை போயும் கை அடங்கவில்லை என்றால், குழந்தைகள் ஹெல்ப்லைனுக்குப் போன் போடுவாள். அது அவளுக்கும் போனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எனக்கே பின்னால்தான் தெரியும். தெரிந்தபிறகு நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இவ்வளவும்.

காலேஜில் நான் சோஷியாலஜி எடுத்திருந்தேன். இரண்டாம் வருடம் ஒரு அசைன்மென்ட் வந்தது. குழந்தைகளை வதைப்பது ஒரு சமூகத்தில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் பதிவாகிறதே, ஏன்? கேன்டீனில் இதை வைத்து ஒரு வாரம் சண்டை. மாட்டுங்காவிலிருந்து வரும் ஸ்ருதி, மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்க்கும் குடும்பத்துப் பெண், எல்லாம் படிப்பும் வளர்ப்பும்தான் என்றாள். அவர்கள் பில்டிங்கில் யாரும் குழந்தை மேல் கை வைத்து அவள் பார்த்ததே இல்லையாம். வறுமை, இடநெருக்கடி, இரட்டை ஷிப்ட், குடி என்று நான் அடுக்கினேன். அடி வாங்கி வளர்ந்தவன்தான் அடிக்கிறான் என்றும் போட்டேன். அவள் வாதத்தில் எங்கள் ஜனங்கள் காட்டுமிராண்டிகள், என் வாதத்தில் பாவப்பட்டவர்கள். இரண்டு பேரின் வாதத்திலும் அதிகம் அடிப்பது நாங்கள்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சந்திலும் இதையே கேட்டுப் பார்த்தேன். சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆத்திரக்காரர்களெல்லாம் அந்தப் பக்கம் அம்மன் கோயில் கொடை நடத்துகிறவர்களில்தான் என்றார்கள். கொடை நடத்துகிறவர்கள் சர்ச்சுப் பக்கம் கையைக் காட்டினார்கள். இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அடுத்த சந்து வடக்கத்திக்காரர்களைக் காட்டினார்கள். வடக்கத்திக்காரர், மதராசி லோக் பஹுத் மார்தே ஹை, மதராசிகள்தான் ரொம்ப அடிப்பார்கள் என்று அமைதியாக முடித்தார். கடைசியில் அக்காவிடம் போனேன்.

"எந்த ஜனங்கக்கா பிள்ளைகள ஜாஸ்தி அடிக்காங்க?"

"எதுக்குட்டி கேக்க?"

"அசைன்மென்ட்."

"மார்க்கு உண்டுமா?"

"இருபது."

"அப்பம் எழுதிக்கோ. தண்ணி வராத நாளு ஜாஸ்தி. பரீட்சைப் பேப்பர் குடுக்க நாளு ஜாஸ்தி. மழையில ரயிலு நின்னு ஆம்பள நடந்து வாரான் பாரு, அன்னைக்கு ஜாஸ்தி."

நான் கேட்டது அதில்லை, ஜாதி மதம் என்று ஏதாவது கணக்கு இருக்கா என்றேன். ஒரு பேன்ட்டை உதறிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"கொடைக்கு வரி குடுக்கவனும் அடிக்கான், ஞாயித்துக்கெழம காணிக்க போடுதவனும் அடிக்கான். ரசீது கலருதான் வேற."

"அப்போ எல்லா எடமும் ஒண்ணுதாங்கியா? அப்படி எழுதுனா சார் முட்டை போட்ருவாரு."

"ஒண்ணுன்னு நான் எங்கட்டி சொன்னேன்? பத்துக்குப் பத்துல ஆறு பேரு கெடந்தா, சோம்பல் முறிச்சாலே யாரு மேலயாவது கை படும். அதையும் எழுதிக்கோ. பெரிய வீட்டுல என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது. நான் அங்கன போயி சீனி கேட்டதில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதிக்கொள்ளவில்லை. ஃபுல் மார்க் வாங்க வேண்டியதை அங்கேயே தொலைத்தேன்.

அடுத்த மாதமே அதற்கும் வழி வந்தது. ஸ்ருதி வீட்டில் பழைய பாடப்புத்தகம் ஒரு மூட்டை இருந்தது. தூக்குவதற்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு மாட்டுங்கா போனேன். மூட்டையோடு ஐந்தாம் மாடியிலிருந்து லிஃப்ட்டில் இறங்குகிறோம். பழைய காலத்துக் கம்பிக் கதவு லிஃப்ட், ஒவ்வொரு மாடியும் தெரியும், சத்தமும் வரும். மூன்றாம் மாடியில் ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பையனின் குரல். சாரிம்மா, சாரிம்மா என்று ஒரே சீராக. இடையில் ஸ்கேல் விழுகிற சத்தம். அக்கா பட்டனை அழுத்தி லிஃப்ட்டை நிறுத்திவிட்டாள். கூட வந்த ஸ்ருதி வேண்டாம் வேண்டாம் என்றாள். நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் பெல் அடித்தாகிவிட்டது. டம்ளர் இல்லை. என் வாட்டர் பாட்டில் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

சங்கிலி போட்ட கதவு ஒரு சாண் திறந்தது. பார்க்க அழகான, களைத்துப்போன ஒரு பெண்மணி.

"கொஞ்சம் சீனி கெடைக்குமாம்மா?"

அந்தம்மா அவள் நீல விரல்களைப் பார்த்தாள், பாட்டில் மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆப்பில் போட்டால் பத்து நிமிடத்தில் வருமே என்றாள் இங்கிலீஷில். பிறகு கதவு மூடியது. இன்டர்காமில் பேசும் சத்தம் கேட்டது. நாங்கள் கீழே போய்ச் சேர்வதற்குள் வாட்ச்மேன் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த ஃப்ளாட்டுக்கு வந்தீர்கள், எதற்கு, யார் விட்டது என்று ஆரம்பித்துவிட்டார். புத்தக மூட்டையைப் பிரித்து வேறு பார்த்தார். ஸ்ருதி கெஞ்சித்தான் எங்களை வெளியே விட்டார்கள். கேட்டுக்கு வெளியே வந்தபிறகு அவள் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பையன் டெய்லி அழுவான்பா. நாங்க டிவி சவுண்ட கூட்டிப்போம்."

கேன்டீனில் ஒரு வாரம் அவளிடம் நான் போட்ட சண்டைக்கு ஜெயிக்கிற பாயின்ட் இதுதான். ஆனால் அதைச் சொன்ன முகத்தைப் பார்த்தபிறகு எடுத்துக் குத்த முடியவில்லை. அக்கா பஸ்ஸில் ஏறியபிறகு, மூணாவது மாடியில் பெல்லுக்குப் பக்கத்தில் என்ன நம்பர் இருந்தது என்று மட்டும் கேட்டாள். (நாங்கள் இப்போது செம்பூரில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். வந்து இரண்டு வருடம் ஆகிறது. எதிர் ஃப்ளாட்காரர்கள் முகம் எனக்கு லிஃப்ட் கண்ணாடியில்தான் பழக்கம்.)

அந்த வருட முடிவில், ஹெல்ப்லைன் வேலைகளைப் பார்க்கும் ஒரு சேவை அமைப்பில் எனக்கு ஃபீல்டு ஒர்க் கிடைத்தது. வந்த போன்களை ஏரியா வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். யார் போன் செய்தது என்று பெயர் இருக்காது, வெளியே சொல்லவும் கூடாது. முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வீட்டின் அடையாளமும் நடந்ததும் மட்டும் இரண்டு வரி இருக்கும். அடுக்கி முடித்துப் பார்த்தால், அந்த வட்டாரத்திலேயே எங்கள் சந்துதான் முதலிடம். ஷாக் ஆகி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். கூப்பிட்டவர் சீனி கேட்கப் போனபோது பார்த்தது. கூப்பிட்டவர் சீனி கேட்கப் போனபோது பார்த்தது. பக்கம் பக்கமாக இதே சீனி. மாட்டுங்கா பக்கத்தைப் புரட்டினேன், அங்கே மொத்தமே ஒரே ஒரு பதிவு. கூப்பிட்டவர் சீனி கேட்டார், தரவில்லை.

ஆபீஸ் என்றும் பார்க்காமல் சிரித்தேன். காலேஜில் இத்தனை நாள் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம், வறுமையா வளர்ப்பா, அந்த ஜனமா இந்த ஜனமா, எல்லாம் பேப்பரில் இவள் கால் போன இடமும் போகாத இடமுமாக நின்றது. மற்ற காரணங்கள் பொய் என்று சொல்லவில்லை. அவை இருக்கும். ஆனால் கேட்கிற காது இருந்தால்தானே அது கணக்கில் வரும்.

அமைப்பு ஒரு நோட்டீஸ் அடித்தது. எந்தெந்தப் பகுதியிலிருந்து போன் அதிகம் என்று வரிசையாக ஏரியா பெயர். முதல் வரியில் எங்கள் சந்து. தை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, பொங்கல் விழாக் கமிட்டிக்குக் கேட்கவா வேண்டும். சந்தின் மானம் கப்பலேறிவிட்டது என்று இரண்டு மீட்டிங் போட்டார்கள். மூன்றாவது மீட்டிங்கில், எங்கள் ஆட்களால் மட்டுமே எடுக்க முடிந்த ஒரு முடிவை எடுத்தார்கள். பட்டிமன்றம் வைத்துத் தீர்த்துக்கொள்வது. பிள்ளைகள் அதிகம் அடிபடுவது சந்திலா, சொசைட்டியிலா? (சொசைட்டி என்றால் இங்கே ஃப்ளாட் பில்டிங்.) வருடா வருடம் ஓடிக்கொண்டிருந்த கணவனா மனைவியாவுக்கு அந்த வருடம் லீவு. செம்பூரிலிருந்து ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர் ஒருவர் நடுவர். சொசைட்டியில்தான் என்று பேசும் அணிக்கு, காலேஜ் பிள்ளை என்று என்னைப் போட்டார்கள்.

பேச்சைப் பழகிப் பார்க்கக் கமிட்டித் தலைவர் அண்ணாச்சி வீட்டில் கூடினோம். அண்ணாச்சிக்கு எங்கள் சந்தில் ஐந்து ரூம் சொந்தம், அக்கா இருந்தது அதில் ஒன்று. ஆளாளுக்குப் பாயின்ட் சொன்னார்கள். எனக்குக் கை பரபரத்தது. நம் சந்து முதலிடம் வந்ததற்கு ஒரே காரணம் சீனியக்காதான், அத்தனை போனும் அவள் போட்டது, அவளை மாட்டுங்காவில் குடி வைத்தால் அடுத்த வருடம் மாட்டுங்கா முதலிடம் என்று போட்டேன். கைதட்டு வரும் என்று ஒரு கேப் விட்டேன்.

யாரும் தட்டவில்லை. அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அத்தனயும் அவளா?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரகசியத்தை ஒரு பாயின்டுக்காக விற்றுவிட்டேன் என்பது அப்போதுதான் என் மண்டைக்கு ஏறியது. அமைப்பில் நானே போய்ச் சொன்னேன். அன்றோடு வர வேண்டாம் என்றார்கள். அது நியாயம். அக்காவுக்கு நடந்ததுதான் நியாயமில்லை. அன்று சாயங்காலமே அண்ணாச்சி அவள் வாசலில் போய் நின்றார். பொங்கல் மேடையில் ஏறி, விவரம் தெரியாமல் போன் போட்டுவிட்டேன், எல்லாரும் மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசியில் ரூமைக் காலி செய்ய வேண்டும். மகனுக்கு ஸ்கூல் கூப்பிடு தூரம், வேலை வாசலுக்கே வருகிறது, வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து நடந்தே வந்துவிடுகிறார். அந்த ரூம் போனால் எல்லாம் போச்சு. அந்த வாடகைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு ரூம் கிடையாது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று ரெடியாகப் போனேன். அவள் ஒரு கத்தரியை என் பக்கம் தள்ளினாள்.

"அறுவது பேன்ட் கெடக்கு. உக்காந்து வெட்டு."

மேடையில் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டேன். வாய் வலிக்கவில்லையா உனக்கு என்றாள். மூன்று மணி நேரம் வெட்டினேன். விரல் நீலம் போக ஒரு வாரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஸ்கூல் ஹாலில் பட்டிமன்றம். கரும்பு கட்டிய மேடை, பிளாஸ்டிக் நாற்காலி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சர்ச்சுக் கும்பல், கொடைக் கும்பல் எல்லாம் நடுவில் கலந்து. நடுவர் பொன்னாடையோடு ஜோக்கடித்தார். சந்து அணியில் ஒருவர், ஏழைக்குக் கோபம் ஒன்றுதான் சொந்தச் சொத்து என்று வசனம் பேசிக் கைதட்டு அள்ளினார். நான் எழுந்து சுவர், டிவி சவுண்ட் என்று ஏதோ உளறிவிட்டு, போன் பக்கமே போகாமல் உட்கார்ந்துவிட்டேன். தீர்ப்புக்கு முன்னால் அண்ணாச்சி மைக்கை வாங்கி, நம் சகோதரி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறார் என்றார். அவர் விரும்பியதை அவள் விரும்பியதாக.

அக்கா மேடை ஏறினாள். மைக்கைக் கத்தரி பிடிப்பது போலப் பிடித்தாள்.

"அண்ணாச்சி மன்னிப்பு கேக்கச் சொன்னாவ. கேக்கேன். ஆனா எந்தப் போனுக்குன்னு தெரியணும்லா. ஒவ்வொண்ணா சொல்லுதேன். எது பொய்யின்னு சொல்லுங்க, அதுக்குக் கேக்கேன்."

ஆண்கள் பக்கம் மொத்தமும் மேலே ஓடாத ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தது. கடைசி வீட்டு மனுஷன் செருப்பைத் தேடினான். அண்ணாச்சி மேடையில் பாதி எழுந்துவிட்டார்.

"மொதல்ல, கொழாய்க்கு எதுத்தாப்புல நீலக் கதவு. போன கொடைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தீய. அன்னைக்கு அந்த வீட்டுக்காரி ஆறு வயசுப் பிள்ளைய ஹேங்கர வச்சு அடிச்சா. கால்ல ரத்தம் கட்டிட்டு. அவன் கத்துனான். சந்துல ஆளில்ல, யாரும் சீனி கேட்டு வரல. அதான் அடிச்சவளே போன் போட்டா."

நீலக் கதவு யாருடையது என்று புரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. குழாய்க்கு எதிரில் இருப்பது அவள் வீடு. முன்வரிசையில் அவள் மகன் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் இன்னும் வேகமாகக் கடித்தான்.

"பேன்ட் கட்டுக்கு மேல தண்ணிய ஊத்திட்டான். நூறு பேன்ட். அவ்வளவுதான் அவன் செஞ்சது. இந்தப் போனு பொய்யின்னா சொல்லுங்க, இதுல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் அழிச்சிருவோம்."

ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வீட்டின் பெயர் வந்துவிடுமோ என்ற பயம் பாதி, மீதி என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேங்க் மேனேஜர் நடுவர் தீர்ப்பு எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போன் போட்டபிறகு என்ன ஆனது என்று கேட்டார். மைக் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

"அந்த ஆபீஸ்ல இருந்து ரெண்டு பொம்பளப் பிள்ளைய வந்தாவ. உக்காந்து பேசுனாவ. பெறவு மாசம் ஒருக்க வந்தாவ. அவனையும் தூக்கிட்டுப் போவல, என்னையும் தூக்கிட்டுப் போவல. நாந்தான் அழுதேன்."

அவள் மைக்கை வைக்கப் போனபோது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த நம்பரு என்னது? மெதுவா சொல்லு, எழுதணும்."

கேட்டது அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா. எதற்குக் கேட்டாள் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றுவரை எனக்கும் தெரியாது. அக்கா நம்பரைச் சொன்னாள். ஒருதரம் சொல்லி, இன்னொருதரம் ஒவ்வொரு எண்ணாக. பெண்கள் பக்கம் அங்கங்கே மொபைல் வெளிச்சம் எட்டிப்பார்த்தது. அண்ணாச்சி மைக் செட்காரனைப் பார்த்துக் கையால் ஏதோ வெட்டிக் காட்டினார். அவன் அதை வால்யூம் ஏற்றச் சொல்வதாக எடுத்துக்கொண்டான். அந்த வருடத் தீர்ப்பு என்ன என்று யாருக்கும் ஞாபகமில்லை, சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டார்கள்.

மாதக் கடைசி வந்தது. அண்ணாச்சி ரூம் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வீட்டில் சோறு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் முகம் மட்டும் இறுகியே இருந்தது. இன்னொரு தரம் நம் சந்துப் பெயர் பேப்பரில் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

அடுத்த வருடம் நோட்டீஸ் வந்தது. எங்கள் சந்துதான் மறுபடியும் முதல் வரி. போன வருடத்தைவிடப் போன் கூடுதல். அண்ணாச்சி அதை நாலாக மடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நான் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ அந்த ஆபீஸ்ல இருந்தவ. இதுல அவ போட்டது எத்தனன்னு பாத்துச் சொல்லு."

எதிரே பேன்ட் மலைக்குப் பின்னால் அக்கா தலை நிமிரவில்லை. எனக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது, ஒரு நல்ல பாயின்ட் கூடவே வந்தது. முழுங்கினேன்.

"தெரியாது அண்ணாச்சி."

அவர் நோட்டீஸைப் பிரித்து இன்னொருதரம் பார்த்தார். பிறகு சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லா வாசலிலும் யாராவது ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். யாரைக் காலி செய்யச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் சொந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.